மூன்று குட்டி ஸ்டூவர்ட்: விளையாட்டு மேசைக்கு டாங்கி செய்யப் பழகுவோர்க்கு

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைக்கு முதல் தடவை போனபோது கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஊசி அரம் ஒரு செட், கூர்மூக்குச் சாமணம் ஒன்று, ஒரு மில்லிமீட்டர் துளை போடுகிற கை டிரில் ஒன்று என்று கேட்டிருந்தேன்.

"கொலுசுப் பட்டறை புதுசா போட்டிருக்கீங்களா தம்பி?"

"இல்லீங்ணா, பொம்மை டாங்கி செய்யறேன்."

"தண்ணி டேங்க்கா?"

"பட்டாளத்து டாங்கிங்ணா. பீரங்கி வெச்சது."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எடுத்து வைத்த சாமணத்தை மட்டும் உள்ளே போட்டுவிட்டு வேறொன்று கொடுத்தார். "இது வளையாது, எடுத்துட்டுப் போங்க." ஏழு வருடமாக அதுதான் என் கையில் இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்குக்கு வேண்டிய கிட், அதாவது வெட்டி ஒட்டிச் செய்கிற பாகப் பெட்டி, விற்கும் கடை இல்லாத ஊர்தான் சேலம். கிட், பெயிண்ட் எல்லாம் ஆன்லைனில்தான் வருகிறது. ஆனால் கருவி என்று வந்தால், கொலுசு செய்யும் ஊரில் இருப்பதைவிட வேறென்ன கொடுப்பினை வேண்டும்?

விஷயத்துக்கு வருவோம். வரலாற்றுப் போர் விளையாட்டு என்றால் பழைய போர் ஒன்றை எடுத்து, அதில் இருந்த படைகளைச் சின்ன உருவங்களாகச் செய்து, ஆறடிக்கு நாலடி மேசையில் மலையும் வீடும் மரமும் வைத்து, இஞ்ச் டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி ஆடுவது. அதில் டாங்கிக்குத் தனி மவுசு. கண்ணாடி அலமாரியில் வைக்கிற டாங்கி வேறு, மேசையில் ஓடுகிற டாங்கி வேறு என்பதை முதல் நாளே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நம் டாங்கியை ஒரே சாயங்காலத்தில் நாலு பேர் எடுத்து வைப்பார்கள். அதில் ஒருவர் பஜ்ஜி தின்ற கையோடு வருவார். பார்ப்பதும் இரண்டடி தள்ளி நின்று, மேலிருந்து. ஆகவே உறுதி முதலில், தூரத்தில் தெரிகிற நிறம் அடுத்து, நுணுக்கம் கடைசியில். இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் என் முதல் டாங்கியில் நாலு மாதம் தொலைத்தேன்.

எதைச் செய்வது?

புதிதாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஜெர்மன் டைகரில் கை வைக்கிறார்கள். வேண்டாம் என்பேன். பெரியது, ஒன்று வாங்கினாலே பணம் தீர்ந்துவிடும், சிறு ஆட்டத்தில் அது ஒன்று நின்றாலே எதிராளிக்கு ஆட ஒன்றும் மிஞ்சாது. என் யோசனை எம்5 ஸ்டூவர்ட், அதுவும் மூன்று. அமெரிக்காவில் செய்த இலகு டாங்கி, 37 மில்லிமீட்டர் பீரங்கி, நாலு பேர் குழு, இரண்டு காடிலாக் கார் என்ஜின். பக்கத்துக்கு ஓடு சக்கரம் நாலே நாலுதான், பின்னால் ஒரு பெரிய சக்கரம். சக்கரம் குறைந்தால் ராவுகிற வேலையும் குறைவு.

இன்னொரு காரணமும் உண்டு. 1948 நவம்பர் 1 அன்று சோஜி லா கணவாயில் பாகிஸ்தான் தரப்பு பிடித்து வைத்திருந்த அரண்களின் மேல் இந்திய 7வது குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள் பனியில் ஏறிப் போயின. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரம், நம் ஏற்காட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே டாங்கி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஜெனரல் திம்மையா திட்டம் போட்டார், லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங் 'ஸ்பாரோ' டாங்கிகளை நடத்தினார். டாங்கி ஏறுவதற்கு அந்தக் கழுதைப் பாதையை அகலப்படுத்திக் கொடுத்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்கள், அதாவது பட்டாளத்தின் பொறியாளர் படை, பட்டாளத்தில் 'தம்பி' என்று பெயர் எடுத்த நம் ஆட்கள். டாங்கி வருவது வெளியே தெரியக்கூடாது என்று டரட்டை, அதாவது மேலே சுழலும் பீரங்கித் தலையை, கழற்றித்தான் ஸ்ரீநகர் வழியாகக் கொண்டு போனார்கள். அதே படைப்பிரிவு 1944இல் இம்பாலிலும் ஸ்டூவர்ட்டில்தான் சண்டை போட்டது. ஆக, மூன்று டாங்கி செய்தால் பர்மா எல்லை ஆட்டத்துக்கும் இழுத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எம்3, எம்5 இரண்டுமே ஸ்டூவர்ட் என்ற பெயரில்தான் விற்கும். எம்5இல் முன் தகடு ஒரே சாய்வாக இறங்கும், பின்னால் என்ஜின் மூடி மேடு தட்டி உயர்ந்திருக்கும். பெட்டிப் படத்தில் அந்த மேடு தெரிகிறதா என்று பாருங்கள்.

அளவு

உங்களோடு ஆடப்போகிறவர் எந்த அளவு வைத்திருக்கிறாரோ அதுவே உங்கள் அளவு. ஊரில் நீங்கள்தான் முதல் ஆள் என்றால் தேர்வு உங்களுடையது. உண்மையான ஸ்டூவர்ட் நாலரை மீட்டருக்கு முன்பின் நீளம். 1/100இல் அது நாலரை சென்டிமீட்டர், தீப்பெட்டியைவிடச் சின்னது. 1/72இல் ஆறேகால், 1/56இல் எட்டு. 28 மில்லிமீட்டர் சிப்பாய்களோடு ஆடும் போல்ட் ஆக்‌ஷன் போன்ற ஆட்டங்களுக்கு 1/56. டாங்கிகள் கூட்டமாகப் பாயும் ஃபிளேம்ஸ் ஆஃப் வார் மாதிரி ஆட்டத்துக்கு 1/100. நான் 1/72 ஆள். கிட் விலை மலிவு, மூன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டில் அடங்கும். கீழே சொல்லும் அளவுகளும் அதற்குத்தான்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

பாகங்கள் பிளாஸ்டிக் சட்டத்தில் கொத்தாக வரும். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத்பிரஷும் கொண்டு சட்டத்தோடு கழுவிக் காய வையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. ரெசினில், அதாவது அச்சில் ஊற்றி இறுக வைக்கும் பிசினில், வார்த்த கிட் என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. ரெசினைத் தேய்க்கும்போது மாஸ்க் போட்டு, தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்க்க வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பாகத்தை ஒட்ட வெட்டாதீர்கள். சட்டத்தின் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, பிறகு மிச்சக் காம்பை இன்னொரு வெட்டு, கடைசி அரை மில்லியை ஊசி அரத்தால் ராவுங்கள். ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் பாகத்தில் வெள்ளைத் தழும்பு விழும், சில சமயம் கிள்ளிக்கொண்டே வந்துவிடும். இதைக் கொலுசு வேலை செய்யும் ஒருவரிடம் சொன்னேன். "வெள்ளியில அப்படி வெட்டினா சேதாரம் யார் குடுப்பா?" என்று சிரித்தார்.

எதையும் ஒட்டாமல் ஒரு முறை பொருத்திப் பாருங்கள். பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் சிமெண்ட், தண்ணீர் போல ஓடுகிற ரகம். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் தூரிகை நுனியால் தொட்டால் போதும், தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குவதால் காய்ந்த பிறகு அந்த இடம் எளிதில் விடாது. ரெசினிலும் உலோகத்திலும் அது வேலை செய்யாது, அங்கே சூப்பர் குளூதான். நம் ஊர் வெயிலில் சூப்பர் குளூ பாட்டில் ஒரு மாதத்தில் இறுகிவிடுகிறது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், வீட்டில் திட்டு விழாத மூலையாகப் பார்த்து.

உடலை மூடுவதற்கு முன் உள்ளே எடை போடுங்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ஸ் பத்துப் பன்னிரண்டு, மேலே ஃபெவிகால். வெறும் பிளாஸ்டிக் டாங்கி சட்டைக் கை பட்டாலே மேசையைவிட்டுப் பறந்துவிடும். டரட்டை ஒட்டாதீர்கள். அது சுழல வேண்டும், கழலவும் வேண்டும். சோஜி லாவுக்குப் போன டாங்கிக்கே அப்படித்தான், நம்முடையதற்கு என்ன? டாங்கி அடிபட்டால் டரட்டைக் கழற்றிச் சாய்த்து வைத்து, கருப்புப் பஞ்சைச் செருகினால் எரிகிற டாங்கி ஆகிவிடும்.

கண்ணாடி, கொக்கி, மண்வெட்டிப் பிடி போன்ற முடி மெலிசான பாகங்களைச் சட்டத்திலேயே விட்டுவிடுங்கள். முதல் ஆட்டத்தில் உடையப் போகிறவைதான் அவை. ஒட்டியே தீருவேன் என்றால் தகட்டோடு படுக்க வைத்து ஒட்டுங்கள். உடலில் இடுக்குத் தெரிந்தால் கார் பட்டறையில் செய்வது போலப் பட்டி பார்த்து, காய்ந்ததும் எண்ணூறாம் நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்து விடுங்கள். டாங்கியின் அடிப்பக்கத்துக்குப் பட்டி பார்க்கிறவர் இந்த விளையாட்டுக்கு வந்தவர் அல்ல.

பீரங்கிக் குழல்

ஸ்டூவர்ட்டின் பலவீனமே அந்தக் குழல்தான். 1/72இல் வெளிக்கனம் ஒரு மில்லிமீட்டர்கூட நிறைவாக இராது. பிளாஸ்டிக்கில் அது நிச்சயம் ஒடியும். எனக்கு மூன்றில் இரண்டு ஒடிந்தது. அதன் பிறகு கண்ட வழி, மருந்துக் கடை ஊசி. மஞ்சள் மூடி போட்ட 20 நம்பர் ஊசியின் வெளிக்கனம் 0.9 மில்லிமீட்டர், உள்ளே துளையும் தயாராக இருக்கிறது. 37 மில்லிமீட்டரை 72ஆல் வகுத்தால் அரை மில்லி. ஊசித் துளை ஏறக்குறைய அதுதான். 1/56 செய்கிறவர்கள் இளஞ்சிவப்பு மூடியுள்ள 18 நம்பர் வாங்கலாம்.

பிரிக்காத புது ஊசி மட்டும். முதல் வேலையாக அதன் கூரான முனையை அரத்தில் மழுக்கிவிடுங்கள். கட்டிங் பிளேயரால் நறுக்கினால் வாய் நசுங்கித் துளை மூடிக்கொள்ளும். வேண்டிய நீளத்தில் முக்கோண அரத்தின் விளிம்பை வைத்து, ஊசியை விரலால் உருட்டிக்கொண்டே சுற்றிலும் ஒரு கோடு போடுங்கள். நாலைந்து சுற்றில் கோடு பள்ளமாகும். இரண்டு பக்கமும் பிடித்து லேசாக வளைத்தால் 'டக்' என்று சுத்தமாக ஒடியும். துண்டு தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இனி பிளாஸ்டிக் குழலை அடியோடு வெட்டி, அந்த இடத்தில் கை டிரில்லால் மூன்று மில்லி ஆழத்துக்குத் துளை போட்டு, ஊசியைச் செருகி ஒரு சொட்டு சூப்பர் குளூ. நேராக நிற்கிறதா என்று முன்னாலிருந்தும் மேலிருந்தும் பாருங்கள். கோணலான பீரங்கி இரண்டடி தள்ளி நின்றாலும் கண்ணில் குத்தும்.

பிரைமரும் வானிலையும்

நிறத்துக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சுதான் பிரைமர். ஸ்பிரே பிரைமர் சாம்பல் நிறமோ கருப்போ, எதுவானாலும் சட்டத்துண்டு ஒன்றில் அடித்துப் பார்த்த பிறகே டாங்கியில் அடியுங்கள். ஹார்டுவேர் கடை ஸ்பிரேயில் சில பிளாஸ்டிக்கைத் தின்னும்.

சேலத்தில் சித்திரை, வைகாசியில் வெயில் நாற்பதைத் தொடும். அந்த மத்தியானத்தில் மொட்டை மாடியில் நின்று அடித்தால், துளிகள் டாங்கியைத் தொடும் முன்னே காற்றிலேயே காய்ந்து, மேற்பரப்பு ரவை தூவினது போலச் சொரசொரக்கும். காலை ஏழு மணிக்கு, ஒரு சாண் தூரத்தில், விட்டு விட்டு மெலிசாக அடியுங்கள்.

ஏற்காட்டில் சிக்கல் நேர் எதிர். ஐப்பசியில் ஒரு முறை சித்தப்பா வீட்டுக்குப் போனபோது, முடிந்த மூன்று டாங்கியையும் எடுத்துப் போய்த் திண்ணையில் வைத்து, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்தேன். மூடுபனி அப்போதுதான் ஏரிப் பக்கமிருந்து ஏறிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் மூன்றும் சாம்பல் பூத்து வெளுத்துவிட்டன. ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரத்தைப் படலத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்த ஈரம்தான் வெண்மையாகத் தெரிகிறது. "பனியில சண்டை போட்ட டாங்கிதானே, இருக்கட்டும் விடுண்ணா" என்றான் சித்தப்பா பையன். கீழே இறங்கி வந்து, காய்ந்த நாளாகப் பார்த்து, பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெலிசாகப் பூசினேன். வெண்மை முக்கால்வாசி மறைந்தது. அதன் மேல் தூரிகையாலேயே மேட் வார்னிஷ். அன்றிலிருந்து மலையில் ஸ்பிரே கேனைத் தொடுவதில்லை.

நிறம்

அமெரிக்கத் தொழிற்சாலையிலிருந்து இவை ஆலிவ் டிராப் நிறத்தில் வந்தன. அந்தப் பெயரில் பாட்டில் வாங்கலாம். கையிலேயே கலக்கவும் முடியும், பச்சையே தேவையில்லை. மஞ்சள் ஓக்கர் நாலு பங்குக்குக் கருப்பு ஒரு பங்கு என்று தொடங்கிப் பாருங்கள். கருப்பு கலந்த மஞ்சள், பட்டாளப் பச்சையாக மாறுவதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. மூன்று டாங்கிக்கும் சேர்த்து ஒரே தடவையில் கலக்குங்கள், அடுத்த வாரம் அதே நிறம் வராது.

எப்போதும் நீங்கள் நினைப்பதைவிட ஒரு படி வெளிறியே கலக்குங்கள். சின்னப் பொருளில் நிறம் இருண்டு தெரியும். ஒரிஜினல் டாங்கி நிறத்தை அப்படியே பூசினால் மேசையில் கருப்புக் கட்டியாகத்தான் நிற்கும். வெளிறச் செய்ய வெள்ளை சேர்க்காதீர்கள், சுண்ணாம்பு அடித்தது போலாகிவிடும். கொஞ்சம் சந்தன நிறம் சேருங்கள்.

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட்தான் நமக்கு, அது பால் பதத்துக்கு நீர்க்க வேண்டும். ஒரு கனமான பூச்சுக்குப் பதில் மெலிசாக இரண்டு மூன்று. வெயில் காலத்தில் பெயிண்ட் தட்டிலேயே காய்ந்துவிடும் என்பதால் டிபன் பாக்ஸில் ஈர ஸ்பாஞ்ச் விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பர் போட்டு அதில் கலக்குகிறேன். மூடி வைத்தால் மறுநாளும் பதமாக இருக்கிறது.

அடிநிறம் காய்ந்ததும் அதிலேயே இன்னும் கொஞ்சம் சந்தன நிறம் கலந்து, மேல்நோக்கி இருக்கும் தகடுகளின் நடுப்பகுதியில் மட்டும் பூசுங்கள். டரட் மூடி, என்ஜின் மேடு, முன் சாய்வு. ஆட்டத்தில் கண்ணில் படுவது இவைதான்.

எண், குறி ஒட்டுவதாக இருந்தால் அந்த இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு கை. சொரசொரப்பின் மேல் டீக்கால், அதாவது நனைத்து ஒட்டும் மெல்லிய படம், ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி போல மினுங்கும். டரட்டில் ஒவ்வொன்றுக்கும் வேறு எண் போடுவது நல்லது. "நடு டாங்கிதான் சுட்டது", "இல்லை, ஓர டாங்கி" என்று நட்பு கெடாமல் இருக்கும்.

அடுத்தது வாஷ். ஓவியர்கள் பயன்படுத்தும் எண்ணெய் வண்ணத்தில் பர்ன்ட் அம்பர், அதைத் தார்ப்பென்டைனில் டிகாக்‌ஷன் போலக் கரைத்து, தகடு சேரும் கோடுகளிலும் ஆணித் தலைகளைச் சுற்றியும் நுனித் தூரிகையால் தொடுங்கள், தானாக ஓடிப் பரவும். வழிந்ததைத் தார்ப்பென்டைன் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம், அக்ரிலிக் அடிநிறத்துக்கு ஒன்றும் ஆகாது, நன்றாகக் காய்ந்திருந்தால். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு, வெளிர் நிறம் தொட்ட தூரிகையைத் துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்து, விளிம்புகளில் லேசாக உரசுங்கள். இந்த டிரை பிரஷ் வித்தைதான் தூரத்திலிருந்து டாங்கிக்கு உருவம் கொடுக்கிறது. நல்ல தூரிகையை இதற்கு எடுக்காதீர்கள், தேய்ந்ததே போதும்.

செயினுக்கு வெள்ளி நிறம் பூசுகிறவர்கள் பலர். ஓடுகிற டாங்கியின் செயின் மண்ணும் துருவுமாகத்தான் இருக்கும். கருப்பில் கொஞ்சம் பழுப்பு கலந்து பூசி, தரையில் படும் மேடுகளில் மட்டும் 6பி பென்சிலை உரசுங்கள். தேய்ந்த இரும்பு கிடைத்துவிடும். ரப்பர் போன்ற செயின் வந்திருந்தால் வளைத்து மாட்டிய பிறகே பூச வேண்டும், முன்னாலேயே பூசினால் வெடித்து உதிரும்.

பனி

டாங்கியின் மேல் பனியைக் கொட்டாதீர்கள், இம்பால் ஆட்டத்துக்கு அது வேண்டும். பனியெல்லாம் தனித் தகடு ஒன்றில் இருக்கட்டும், டாங்கி அதன் மேல் வந்து உட்காரட்டும். மெலிசான பிளாஸ்டிக் தகட்டில் ஃபெவிகால் தடவி மணலும் கல் பொடியும் தூவி, சாம்பல் பூசிக்கொள்ளுங்கள். நம் செம்மண்ணை அப்படியே போட்டால் சோஜி லா ஓமலூர் ஆகிவிடும்.

பனிக்கு நான் முதலில் எடுத்தது ஜவ்வரிசி மாவு. சேலத்தான் புத்தி வேறெங்கே போகும்? மூன்றே வாரத்தில் எறும்பு வரிசை கட்டி, கரப்பான் ஒரு மூலையைக் கரம்பி வைத்திருந்தது. சமையல் சோடாவும் நாளடைவில் மஞ்சளாகிறது. இப்போது போடுவது கோலப்பொடி, அரிசி மாவு அல்ல, கல் மாவு. அதில் வெள்ளை அக்ரிலிக்கும் ஃபெவிகாலும் சேர்த்து இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்து, கல் இடுக்குகளில் தடவி, ஈரம் காயும் முன் மேலே உலர்ந்த பொடியைத் தூவுங்கள். இம்பாலுக்குத் தனித் தகடு: மரப்பட்டறைத் தூளைக் கொலுப் பூங்காவுக்குச் செய்வது போலப் பச்சைச் சாயம் தோய்த்துக் காய வைத்தால் புல்.

கடைசியாக டாங்கிக்கு மேட் வார்னிஷ் இரண்டு பூச்சு, நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு. கை படுகிற பொருளுக்கு ஒன்று போதாது.

கொண்டு போக ஸ்வீட் கடைத் தகர டப்பா ஒன்றும், டாங்கியின் அடிப்பக்கத்தில் ஒட்ட ரப்பர் காந்தத் தாளும் போதும். டப்பாவைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாத அளவுக்குத் தாள் இருக்க வேண்டும். ஏற்காட்டுப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு, பேருந்தில் நின்றுகொண்டு போய்ப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அசையவில்லை. மிச்சப் பச்சையைச் சின்னப் பாட்டிலில் ஊற்றி, எந்த நிறம் எத்தனை பங்கு என்று மூடியில் எழுதி வையுங்கள். உடைகிற டாங்கிக்கும் தேவைப்படும், எப்படியும் வாங்கப்போகிற நாலாவதற்கும் தேவைப்படும்.